பெரியவரை ஃபெயிலாக்கிய மாமாவுக்கு

வாகனத் தகுதிச் சோதனை அலுவலரும், என் அக்காவின் வீட்டுக்காரரும், போன சனிக்கிழமை வரை என் பாசத்துக்குரிய மாமாவுமாகிய தங்களுக்கு,

வணக்கம். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் நெற்றி வீக்கம் வடிந்துவிட்டதாகவும், உடைந்த மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் கால் போட்டாகிவிட்டதாகவும் அக்கா போனில் சொன்னாள். இரண்டுக்கும் மகிழ்ச்சி. நிற்க. நிக்கிறதைப் பத்திதான் இந்தக் கடிதமே.

வீட்டுல ஆபீஸ் பேச்சு கூடாது, ஆபீஸ்ல வீட்டுப் பேச்சு கூடாதுங்கறது உங்க சட்டம். அப்போ உங்ககிட்ட நான் எங்கதான் பேசறது மாமா, பஸ் ஸ்டாப்லயா? கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, நெத்தியில ஈரத்துணியை வச்சுகிட்டு, ‘ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமா தெரிவிக்கலாம்’னு சொன்னீங்களே, அதனாலதான் எழுதறேன். அஞ்சாம் வகுப்புல லீவ் லெட்டர் எழுதினதுக்கப்புறம் நான் எழுதற முதல் கடிதம் இது, அதையும் உங்களைத் திட்டறதுக்கு எழுத வேண்டியதாப் போச்சு. அதுலயும் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் என்னைப் பார்த்து ‘வாகன உரிமையாளரின் பிரதிநிதி யாரு?’ன்னு கேட்டீங்க பாருங்க. பிரதிநிதியாம்! முந்தின நாள் சாயங்காலம் உங்க வீட்டு வாஷிங் மெஷினைக் குப்புறப் போட்டு, வயித்தைத் திறந்து, உள்ளேர்ந்து உங்க சட்டைப் பட்டன் பதினொண்ணை எடுத்துக் குடுத்தவன் யாரு? அப்போ ‘மச்சான், மச்சான்’னு டார்ச் பிடிச்சீங்க. ராத்திரி தூங்கி எழுந்தா மச்சான் பிரதிநிதி ஆயிடுவானா?

நீங்க ஃபெயில் போட்டது ஒரு வண்டிக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அது இல்ல. மூணு மாசம் முன்னாடி அப்பா என்னைக் கூப்பிட்டு எதிர்ல உட்கார வச்சார். ‘நீ பாதியில விட்டதை எல்லாம் வரிசையா சொல்லட்டுமா? காலேஜ். கராத்தே. கம்ப்யூட்டர் கோர்ஸ். தாடி’ன்னார். ‘தாடி அரிச்சுதுப்பா’ன்னேன். ‘உனக்கு எல்லாமே அரிக்கும். ஒண்ணே ஒண்ணு, ஆரம்பிச்சு முடிச்சுக் காட்டு. பெரியவருக்குத் தகுதிச் சான்று இந்த வருஷத்தோட முடியுது. அவரைச் சரி பண்ணி டெஸ்ட்ல பாஸ் வாங்கிட்டீன்னா வீட்டுக்குப் பின்னால இருக்கற ஷெட் உனக்கு, போர்டு மாட்டிக்கோ, தொழிலைப் பாரு, காலேஜ் பேச்சை நான் எடுக்க மாட்டேன். ஃபெயிலாச்சுன்னா அவர் பழைய இரும்புக்குப் போவார், நீ ரெண்டாம் வருஷத்துக்குப் போவ’ன்னார். பெரியவர்னா எங்க பழைய கார். உங்களுக்குத் தெரியும், ஆனா இந்தக் கடிதத்தை உங்க மேலதிகாரி படிச்சாலும் படிப்பார், அவருக்காகச் சொல்றேன். எங்க அப்பாவைவிட அதுக்கு வயசு கொஞ்சம்தான் கம்மி, அதனால வீட்டுல யாரும் அதை ‘அது’ன்னு சொல்ல மாட்டோம். ‘எழுந்துட்டாரா’, ‘தண்ணி குடிச்சாரா’, ‘இன்னைக்கு என்ன இருமறாரு’ன்னுதான் கேட்போம். இப்போ நீங்க குடுத்த சீட்டைப் பார்த்ததும் அப்பா நேரா போனை எடுத்து இரும்புக்காரனை புதன்கிழமை வரச் சொல்லிட்டார். அடுத்த போன் காலேஜுக்கு. புரியுதா மாமா, உங்க ஒரு சீட்டுல ரெண்டு பேர் ஃபெயில்.

பெரியவரோட பழைய பிரேக் எப்படி இருந்துச்சுன்னு உங்க மேலதிகாரிக்குத் தெரியாது, உங்களுக்கு நல்லாவே தெரியும். அதுல வீடே சேர்ந்துதான் வண்டியை நிறுத்தணும். மருந்துக்கடை வந்ததும் அப்பா மிதிக்க ஆரம்பிப்பார், வண்டி போஸ்ட் ஆபீஸ்ல நிக்கும். நடுவுல அம்மா தன் பக்கத்துல இல்லாத பிரேக்கை மிதிப்பா, இருபது வருஷமா மிதிச்சு மிதிச்சு அந்தப் பக்கத்துக் கால்மிதியில குதிகால் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கு. பின்சீட்ல நாங்க எல்லாரும் ஒண்ணா பின்னால சாய்வோம். நீங்க மாப்பிள்ளையா வந்த புதுசுல விறைப்பா உட்கார்ந்திருந்தப்போ, அப்பா கண்ணாடியில பார்த்து ‘மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க, நீங்களும் கொஞ்சம் சாஞ்சு குடுத்தா சிக்னல்லயே நின்னுடலாம்’னாரே, மறந்துட்டீங்களா? ஸ்பிரிங் பத்திச் சொல்லவே வேணாம். ஒரு வேகத்தடையில ஏறி இறங்கினா அடுத்த வேகத்தடை வர்ற வரைக்கும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டே வருவார். அக்காவுக்கு வாந்தி வர்றதுக்குன்னே முன்சீட்டுக்குப் பின்னால ஒரு பை தொங்கிட்டிருக்கும்.

இதைத்தான் நான் சரி பண்ணேன். எவ்வளவு பணத்துல? அப்பா குடுத்த தொகையைச் சொன்னதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ‘இது லாரி வாடகைக்கா தம்பி?’ன்னார். அதனால விபத்து வண்டிகளை உடைச்சு விக்கிற கடைக்குப் போனேன். முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து டீ குடிச்சுகிட்டே, ‘டிஸ்க் பிரேக்கா? அதோ அந்த வேன்ல இருக்கு, நீயே கழட்டிக்கிட்டா பாதி விலை’ன்னார். கழட்ட ஆரம்பிச்சேன், நல்ல வெயில், வேனுக்கு அடியில ஒரு நாய் வேற, அதைத் தாஜா பண்ணி நகர்த்திட்டுக் கழட்டறேன், ரெண்டு பேர் வந்து என்னைக் கடை ஆள்னு நினைச்சு ‘தம்பி, அந்த ஹெட்லைட்டையும் அப்படியே கழட்டு’ன்னாங்க, சரி போகட்டும்னு கழட்டிக் குடுத்தா, முதலாளி அவங்ககிட்ட காசை வாங்கிப் பைல போட்டுக்கிட்டு என்கிட்ட ‘பரவால்லியே, நாளைக்கும் வர்றியா’ன்னு கேக்கறார். நாலு மணி நேரம் போராடி முன்சக்கரத்து டிஸ்க் ரெண்டு, காலிப்பர் ரெண்டு, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் எடுத்தேன். காலிப்பர்னா டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வற கிடுக்கி. இதுவும் உங்க மேலதிகாரிக்காக. அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா சந்தோஷம்.

வேன் காலிப்பர் பெரியவர்கிட்ட நேரா உட்காராது, நடுவுல ஒரு இரும்புத் தட்டு வேணும். அட்டையில வெட்டி லேத்துக்காரர்கிட்ட குடுத்தேன். ‘ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே மாதிரிதானே?’ன்னு கேட்டார். நான் அவசரத்துல ஆமாம்னுட்டேன். கேக்கறதுக்கு ஒரு முறை வேணாமா? இடது, வலது உண்டான்னு கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேனே! இடதுக்கும் இடது, வலதுக்கும் இடதுன்னு அடிச்சுக் குடுத்துட்டார். நானும் மாட்டிட்டேன். மாட்டிட்டு பிரேக் ஆயில்ல இருக்கற காத்தை வெளியேத்த அம்மாவை டிரைவர் சீட்ல உட்கார வச்சேன். அவ மிதிக்கணும், நான் கீழ படுத்து சின்ன ஸ்குருவைத் திறந்து காத்தை விடணும், நான் மூடற வரைக்கும் அவ காலை எடுக்கக் கூடாது. இவ்வளவுதான். ஆனா அம்மா காதுல போன். ‘மிதிம்மா.’ ‘மிதிச்சுட்டேன்.’ ‘அப்படியே பிடிச்சுக்கோ.’ ‘பிடிச்சிருக்கேன்... உன்னை இல்லடி, இவனைச் சொன்னேன்.’ ‘அம்மா, விட்டுடாத!’ ‘எங்கடா விட்டேன், விடலை... அடடா, விட்டுட்டேன். மாப்பிள்ளைக்கு சளியான்னு கேட்டதுக்கு உங்கக்கா ஆமாம்னாளா, பதட்டத்துல கால் வந்துடுச்சு.’ கவனிங்க மாமா, உங்க சளியாலயும் என் பிரேக்ல காத்து புகுந்திருக்கு. ரெண்டு நாள் மத்தியானம் முழுக்க இதே கூத்து. மூணாம் நாள்தான் பார்த்தேன், வலது பக்கத்து காலிப்பர் தலைகீழா உட்கார்ந்திருக்கு, காத்து விடற ஸ்குரு அடியில கிடக்கு. காத்து மேலதானே நிக்கும்? கீழ ஓட்டையை வச்சுகிட்டு வா வான்னா எப்படி வரும்? திரும்ப மொத்தத்தையும் கழட்டி, தட்டை மாத்தி அடிச்சு, முதல்லேர்ந்து. அம்மா ‘அப்போ ரெண்டு நாளா நான் மிதிச்சது?’ன்னா. ‘உடற்பயிற்சி’ன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தட்டுல சோறு கம்மி.

சரி, டிஸ்க் உட்கார்ந்துச்சு, இப்போ பழைய சக்கரம் அதுக்கு மேல போகாது. டிஸ்க் பெரிசு. பெரிய சக்கரம் நாலு வாங்கினேன், மூணு ஒரு ஜோடி, நாலாவது வேற முகம். மாட்டினா, ஸ்டீயரிங்கை முழுசாத் திருப்பறப்போ டயர் உள்பக்கத்துத் தகரத்துல உரசுது. வண்டியைத் தூக்கினாத்தான் உரசாதுன்னு வேன் ஸ்பிரிங்கை முன்னால போட்டேன். போட்டதும் பெரியவர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு யாரையும் மதிக்காதவர் மாதிரி நின்னார். அப்பா உள்ள உட்கார்ந்து பார்த்துட்டு ‘ரோடு எங்கடா?’ன்னார். ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டினேன். இடது பக்கம் ஒரு சுத்து, வலது பக்கம் வெட்டறப்போ கரண்ட் போய்த் திரும்ப வந்ததுல எங்க விட்டோம்னு தெரியாம ஒண்ணேகால் சுத்து. வண்டி ஒரு பக்கமா சாஞ்சுது. ‘நீங்க உட்கார்ற பக்கம்பா, உங்க எடைக்குதான்’னு சமாளிச்சேன். அவர் ரெண்டு நாள் சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டார், அம்மா என்ன ஏதுன்னு பயந்து விசாரிச்சதுல குட்டு வெளிப்பட்டு, இடது பக்கத்தையும் வெட்டிச் சமம் பண்ணேன். பின்னால பட்டை ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடச் சேர்த்தேன். அதோட புஷ், அதாவது பட்டை முனை ஓட்டையில நுழையற இரும்பு வளையம், உள்ள இறங்கலை. இரும்பு குளிர்ந்தா சுருங்கும், அது பிஸிக்ஸ், நான் காலேஜ்ல ஒண்ணும் கத்துக்கலைன்னு சொல்ற அப்பாவுக்கும் இதைச் சொல்லுங்க. புஷ் நாலையும் டப்பாவுல போட்டு ஃப்ரீஸர்ல வச்சேன். அம்மா ஐஸ்கிரீம்னு நினைச்சு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு ஸ்பூன் குடுத்து உட்கார வச்சுட்டு டப்பாவைத் திறந்திருக்கா. அந்தப் பிள்ளைங்க இன்னும் என்னை முறைக்குதுங்க. ஆனா புஷ் வெண்ணெய் மாதிரி இறங்கிச்சு.

பின் பிரேக் வேலையை டிஸ்க்குக்கு முன்னாடியே முடிச்சிருந்தேன், அதுலயும் எதையும் விட்டு வைக்கலை. புது லைனிங், புது சிலிண்டர், புது ரப்பர் ஹோஸ், எல்லாம் இந்த ரெண்டு கையால. எல்லாத்தையும் பூட்டிட்டு ஓட்டிப் பார்த்தேன். மருந்துக்கடையில மிதிச்சா மருந்துக்கடையிலயே நின்னார் மாமா! மூக்கு குனிஞ்சு, வால் தூக்கி, பந்தயக் கார் மாதிரி. ரோட்டோரத்துல நின்ன காய்கறி வண்டிக்காரர் கையைத் தட்டினார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அதை யார்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன், எழுதற வேகத்துல வந்துடுச்சு.

இப்போ சனிக்கிழமைக்கு வருவோம். வண்டியை நானே ஓட்டிப் பார்ப்பேன்னு நீங்க ஏறினீங்க. மைதானக் கோடியிலேர்ந்து வேகமா வந்தீங்க. வெள்ளைக் கோடு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி, ரெண்டு காலையும் தூக்கி, சீட்டை விட்டு எழும்பி, எங்க வீட்டுப் பழக்கப்படி ஏறி மிதிச்சீங்க. ஏழு வருஷமா இந்தக் குடும்பத்துல இருக்கீங்க, உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா பெரியவர் மாறிட்டார்னு நீங்க கிளம்பறப்பவே நான்தான் ஜன்னல் வழியா ‘மாமா, மெதுவா, மெதுவா’ன்னு கத்தினேனே! பின்பக்கம் ஒரு முழம் எழும்பிச்சு, உங்க தலை கண்ணாடியில, உங்க கண்ணாடி தரையில. பெஞ்சுல உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்னு ‘நின்னுட்டாருடா!’ன்னார். அவர் குரல்ல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட கேட்டதில்லை. அடுத்து, சக்கரத்தை உருளை மேல சுத்த விட்டு பிரேக் பிடிக்கறதை முள்ளுல காட்டுமே, அந்த ரோலர் மெஷின்ல ஏத்தினீங்க. முன்சக்கரத்துக்கு முள்ளு கடைசி வரைக்கும் போச்சு. பின்சக்கரத்துக்கு முள்ளு தூங்குது. உடனே எழுதிட்டீங்க: ‘முன் பிரேக் மட்டும் பிடிக்கிறது. பின் பிரேக் இல்லை. தகுதியற்றது.’

இல்லையாமே! என் ஆட்சேபணையைக் கேளுங்க. எங்களுக்கு முன்னாடி அந்த ரோலர்ல ஏறினது தண்ணி லாரி, போற வழியெல்லாம் ஒழுகிட்டுப் போச்சு, ஈர ரோலர்ல சக்கரம் வழுக்கத்தான் செய்யும். உங்க மெஷினுக்கே வயசாச்சு, நீங்களே ரெண்டு தடவை பக்கத்துல தட்டினதை நான் பார்த்தேன். தட்டினா வேலை செய்யற மெஷின் எனக்குத் தீர்ப்பு சொல்லலாமா? மூணாவது, வால் தூக்கறது முன் பிரேக் அமோகமா இருக்கறதுக்கு அடையாளம், பின்னால இல்லைங்கறதுக்கு இல்ல. நாலாவது, நெத்தி வீங்கினவர் வலியில எழுதின சீட்டு எந்தச் சட்டத்துல செல்லும்? உங்களுக்கு என் மேல கோவம், அதை வண்டி மேல காட்டிட்டீங்க. சக்கரத்தைக் கழட்டிக்கூடப் பார்க்கலை. பார்த்திருந்தா அந்த வேலைப்பாட்டுக்கு நீங்களே கைகுடுத்திருப்பீங்க. ஒண்ணை முடிச்சுக் காட்டுன்னார் அப்பா, முடிச்சுக் காட்டினேன், முடிச்சதை முடிக்கலைன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதறதுக்கு உங்களுக்கு ஒன்றரை நிமிஷம் ஆச்சு. ஆகவே, சீட்டை ரத்து பண்ணி, புதன்கிழமை இரும்புக்காரன் வர்றதுக்குள்ள பாஸ் சீட்டு அனுப்பி வைக்கணும்னு கேட்டுக்கறேன். கேட்டுக்கறேன்னா மரியாதைக்குச் சொல்றேன்.

அக்காவுக்கு என் அன்பு. அவ வீட்டுக்குள்ள உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டறாளோன்னு அம்மா வருத்தப்பட்டதாகவும் சொல்லவும். பாப்பாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம். வீட்டுல எல்லாரும் நோய் நொடி இல்லாம, நல்ல தூக்கத்தோடயும் குறையாத மனசாட்சியோடயும் இருக்க வேண்டிக்கறேன்.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
உங்க மச்சினன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி, உங்க மூக்குல இடிக்கற மாதிரி ஒரு போட்டோவும் உள்ள வைக்கலாம்னு இன்னைக்குக் காலையில பின்சக்கரத்தை ஜாக்கில தூக்கினேன். அம்மாவை ஏத்தி மிதிக்கச் சொன்னேன். போன் இல்லாம மிதிச்சா. சக்கரத்தைக் கையால சுத்தினேன். சுத்திச்சு. ‘நல்லா மிதிம்மா’ன்னேன். ‘இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்கு வந்துடும்டா’ன்னா. அப்பவும் ராட்டினம் மாதிரி சுத்துது. அடியில புகுந்து பார்த்தேன். பின் பிரேக்குக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸ் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு சக்கரத்துக்கும் அதுலதான் போகுது. காலிப்பரை ரெண்டாவது தடவை கழட்டினப்போ, பின்பக்கத்து ஆயில் இறங்கிடக் கூடாதுன்னு அந்த ஹோஸை ஒரு பூட்டற பிளையரால நெரிச்சு வச்சிருந்தேன். வேலை முடிஞ்சதும் எடுக்கணும். எடுக்கலை. அங்கயே கவ்விட்டுத் தொங்கிட்டிருக்கு. அந்தப் பிளையரைக் காணோம்னு மூணு வாரமா லேத்துக்காரர்கிட்ட வேற சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்.

மாமா, அடியில ரொம்ப நேரம் அப்படியே படுத்திருந்தேன். போன வியாழக்கிழமை, மழையில ஆட்டோ கிடைக்கலைன்னு அக்கா போன் பண்ணப்போ, பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்து உங்க வீட்டுல விட்டது இந்த வண்டியிலதான். மேம்பாலத்து இறக்கத்துல, ஈர ரோட்டுல, முன் ரெண்டு சக்கரத்தை மட்டும் நம்பி. உங்களுக்கு அது தெரியாது, அக்கா சொல்லியிருக்க மாட்டா. நீங்க எழுதினது எழுத்துக்கு எழுத்து சரி. ரோலரும் சரி, முள்ளும் சரி. தகுதியற்றதுன்னு எழுதினது யாருக்குன்னும் எனக்குப் புரிஞ்சுது.

அப்பாகிட்ட நானே போய்ச் சொன்னேன். பேப்பரை மடிச்சு வச்சார். ‘மாப்பிள்ளை போன் பண்ணாரா?’ ‘இல்லப்பா.’ ‘அப்போ எப்படித் தெரிஞ்சுது?’ ‘அவர் சொன்னது தப்புன்னு நிரூபிக்கப் போனேன்.’ திட்டுவார்னு பார்த்தேன், காலேஜுக்கு எந்த பஸ்ஸுன்னு கேப்பார்னு பார்த்தேன். போனை எடுத்து, ‘புதன் வேணாம், வியாழக்கிழமை காலையில வாங்க’ன்னு இரும்புக்காரன்கிட்ட சொல்லிட்டு, திரும்பப் பேப்பரைப் பிரிச்சுட்டார்.

அதனால புதன்கிழமை மறுசோதனைக்கு எங்களுக்கு ஒரு நேரம் போட்டு வைங்க. மேல எழுதினதைக் கிழிச்சுடலாம்னுதான் இருந்தேன், ஆனா அதைத் திரும்ப நல்ல விதமா எழுதற அளவுக்கு எனக்குப் பொறுமையும் இல்ல, வீட்டுல பேப்பரும் இல்ல, அடிச்சுட்டுப் படிச்சுக்கோங்க. பிளையரை எடுத்தாச்சு, பின் பிரேக்ல காத்து விட்டாச்சு, இப்போ நாலு சக்கரமும் பிடிக்குது. ஆனா அது நான் சொல்றது. நீங்க சொல்ற வரைக்கும் அதுல யாரும் ஏறக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டேன். அதனால ஓட்டிட்டு வரலை, தள்ளிட்டு வர்றோம். நாலு கிலோமீட்டர்தான். வெளியில நின்னு ஜன்னல் வழியா ஸ்டீயரிங் பிடிக்கறேன்னு அப்பா சொல்லியிருக்கார், அம்மா பின்னால தண்ணி பாட்டிலோட நடந்து வருவா. கேட்டை மட்டும் அகலமாத் திறந்து வைக்கச் சொல்லுங்க மாமா. வாசல்ல ஒரு தடவை நிறுத்திட்டா, திரும்ப அவரைக் கிளப்ப எனக்குத் தெம்பு இருக்காது.